இபி-1ஏ கிரீன் கார்டு: ‘அசாதாரணத் திறமை’யை நிரூபிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எப்படியும் கிரீன் கார்டில் வந்து நிற்கிறது. அண்மைக் காலமாக அந்தப் பேச்சில் இபி-1ஏ அடிபடாமல் இருப்பதில்லை. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். நண்பர்களின் மனுக் கட்டுகளை அடுக்கவும் சரிபார்க்கவும் கூட இருந்தவன். உங்கள் வழக்கில் சிக்கல் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இபி-1ஏ என்பது மேதைகளுக்கு மட்டும்தானே? நமக்கெல்லாம் எப்படிக் கிடைக்கும்?

அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகளை ஐந்து வரிசைகளாகப் பிரித்தது. முதல் வரிசையின் முதல் உட்பிரிவுதான் இது. அறிவியல், கலை, கல்வி, வணிகம், விளையாட்டு ஆகிய ஐந்து துறைகளில் ஒன்றில் தேசிய அல்லது சர்வதேச அளவில் நிலைத்த புகழ் இருக்க வேண்டும். துறையின் உச்சிக்கு வந்துவிட்ட சிறு விழுக்காட்டினரில் ஒருவராக இருக்க வேண்டும் என்கிறது விதி.

‘மேதை’ என்ற சொல் விதியில் எங்கும் இல்லை. ‘ஐன்ஸ்டைன் விசா’ என்பது பத்திரிகைகள் சூட்டிய செல்லப்பெயர். அதற்காக, அலுவலகத்தில் ஆண்டுதோறும் நல்ல மதிப்பீடு வாங்குபவர்களுக்கெல்லாம் கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். உங்கள் நிறுவனத்துக்கு வெளியே உங்கள் வேலை தெரிந்திருக்க வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு வரியின் விரிவுதான்.

கம்பெனி ஸ்பான்சர் செய்ய வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கிரீன் கார்டு கேட்கும் மனுவான ஐ-140 படிவத்தை உங்கள் பெயரிலேயே போடலாம். வேலைக்கு அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று காட்டும் பெர்ம் சான்று வேண்டாம். வேலை வாய்ப்புக் கடிதம்கூடக் கட்டாயமில்லை. ஆனால் அமெரிக்காவில் அதே துறையில் தொடர்ந்து வேலை செய்யப் போகிறீர்கள் என்பதற்கு ஆதாரம் வைக்க வேண்டும்: ஒப்பந்தம், நிறுவனத்தின் கடிதம், அல்லது நீங்களே எழுதும் திட்ட விவரம். உங்கள் வரவால் நாட்டுக்கு என்ன பயன் என்பதையும் அதிலேயே சொல்லிவிடலாம்.

2024 ஏப்ரல் கட்டணப் பட்டியலின்படி படிவத்துக்கு 715 டாலர். அதோடு புகலிடத் திட்டக் கட்டணம் என்று ஒன்றும் உண்டு. சொந்தமாக மனுப் போடுபவருக்கு அது 300 டாலர். கட்டணங்கள் மாறக்கூடியவை. அனுப்பும் நாளில், இந்த மனுக்களைப் பரிசீலிக்கும் அமெரிக்கக் குடிவரவு அமைப்பான யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய தொகையைக் கட்டினால் மனு திரும்பி வந்துவிடும்.

பத்து நிபந்தனைகளில் மூன்று இருந்தால் போதுமாமே? எவை அந்தப் பத்து?

நோபல் பரிசு, ஒலிம்பிக் பதக்கம் போல உலகமே அறிந்த ஒரு விருது இருந்தால் பட்டியலே வேண்டாம். மற்றவர்களுக்குத்தான் பத்து: தேசிய அல்லது சர்வதேச அங்கீகாரம் பெற்ற சற்றுச் சிறிய விருதுகள்; சாதனை பார்த்தே சேர்த்துக்கொள்ளும் சங்கங்களில் உறுப்பினர் தகுதி; உங்களைப் பற்றி முக்கிய ஊடகங்களில் வந்த செய்தி; பிறர் வேலையை மதிப்பிட்ட அனுபவம்; துறைக்குப் பெரிய முக்கியத்துவம் உள்ள சொந்தப் பங்களிப்பு; ஆய்வுக் கட்டுரைகள்; கலைக் கண்காட்சிகளில் படைப்புகள்; பெயர்பெற்ற அமைப்பில் தலைமைப் பொறுப்பு அல்லது இன்றியமையாத பொறுப்பு; மற்றவர்களைவிட உயர்ந்த சம்பளம்; நிகழ்த்து கலையில் வசூல் வெற்றி. உங்கள் தொழிலுக்கு இவற்றில் ஒன்று பொருந்தாது என்றால், அதற்கு ஈடான வேறு ஆதாரம் கொடுக்கவும் விதி இடம் தருகிறது. ஏன் பொருந்தாது என்று விளக்கம் சொல்லியாக வேண்டும்.

இவற்றில் மூன்று தேறினால் முதல் கதவு திறக்கும். உள்ளே இன்னொரு கதவு இருக்கிறது.

மூன்று தேறியும் நிராகரித்துவிட்டார்கள் என்கிறானே என் நண்பன். அது எப்படி?

இரண்டாவது கதவு அதுதான். கசாரியன் என்ற இயற்பியலாளரின் வழக்கில் 2010இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு நிபந்தனையையும் பார்க்கும்போது, விதியில் இல்லாத கூடுதல் தகுதியை அதிகாரி அங்கேயே நுழைக்கக் கூடாது; எடை போடுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். கசாரியனுக்கே அந்தத் தீர்ப்பால் பயன் இல்லை. மதிப்பீடு, கட்டுரை என்று இரண்டுதான் தேறின. மூன்றாவது இல்லாமல் தோற்றார்.

அதே ஆண்டு டிசம்பரில் யுஎஸ்சிஐஎஸ் இதை இரண்டு கட்டப் பரிசோதனையாக்கிக்கொண்டது. முதலில் எண்ணிக்கை. பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, ‘இவர் உண்மையில் அந்தச் சிறு விழுக்காட்டில் இருக்கிறாரா, புகழ் நிலைத்திருக்கிறதா’ என்று எடை போடுவது. சட்டப்படி நீங்கள் காட்ட வேண்டியது ஐயத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் அல்ல. ‘இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம்’ என்ற அளவுதான். 2010இன் சவாத்தே தீர்ப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் பெரும்பாலான மனுக்கள் அடிபடுவது இந்த இரண்டாம் கட்டத்தில்தான் என்பது நான் பார்த்தவரை உண்மை. மூன்று பெட்டியில் டிக் அடித்ததும் வேலை முடிந்தது என்று எழுதப்பட்ட மனு, படித்தவுடனே தெரிந்துவிடும்: சான்றுகள் இருக்கும், ஒப்பீடு இருக்காது.

நான் சாஃப்ட்வேர் ஆள். கட்டுரை இல்லை, காப்புரிமை இல்லை. எதைக் காட்டுவது?

இந்தக் கேள்வியைத்தான் என்னிடம் அதிகம் கேட்டிருக்கிறார்கள். சாஃப்ட்வேர்காரர்களுக்குப் பொதுவாகக் கைகொடுப்பவை மூன்று: இன்றியமையாத பொறுப்பு, உயர்ந்த சம்பளம், சொந்தப் பங்களிப்பு.

பொறுப்பு என்றால் பதவிப் பெயர் அன்று. ‘பிரின்சிபல் இன்ஜினியர்’ என்று அட்டையில் இருப்பதால் அதிகாரிக்கு ஒன்றும் விளங்காது. யாருக்குக் கீழே இருக்கிறீர்கள், உங்களுக்குக் கீழே யார் என்று காட்டும் நிறுவன வரைபடம். நீங்கள் கட்டிய அமைப்பு நின்றால் நிறுவனத்துக்கு என்ன ஆகும் என்று விவரமாகச் சொல்லும் மேலதிகாரியின் கடிதம். அந்தக் கடிதத்தில் உள்ள எண்களை உறுதிப்படுத்தும் ஆவணம் என்று மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு சான்று. நிறுவனமோ அதன் பிரிவோ பெயர்பெற்றது என்பதற்குத் தனி ஆதாரமும் வேண்டும். ஊருக்கே தெரிந்த நிறுவனம்தானே என்று இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

பங்களிப்பில்தான் தடுக்கி விழுகிறார்கள். உங்கள் நிரலால் நிறுவனத்துக்குப் பல கோடி மிச்சமாகியிருக்கலாம். அது நிறுவனத்துக்கு நன்மை. விதி கேட்பது துறைக்கு என்ன ஆயிற்று என்பதை. திறந்த மூலத்தில் வெளியிட்ட நூலகத்தை வேறு நிறுவனங்கள் எடுத்துப் பயன்படுத்துகின்றனவா? உங்கள் வடிவமைப்பு ஒரு பொதுத் தரநிலைக்குள் போயிருக்கிறதா? உங்கள் முறையைப் பார்த்துப் போட்டியாளர்கள் தங்கள் முறையை மாற்றினார்களா? இவற்றில் ஒன்றுக்காவது ‘ஆம்’ என்று சொல்லி, அதற்கு வெளியார் கையெழுத்தில் ஒரு தாள் காட்ட முடிந்தால் நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். முடியாவிட்டால் மனுவை ஓராண்டு தள்ளிப்போடுவது நல்லது.

சம்பளத்தை எதோடு ஒப்பிடுவார்கள்? இந்தியாவில் வாங்கிய சம்பளம் கணக்கில் வருமா?

அதே தொழிலில், அதே வட்டாரத்தில் மற்றவர்கள் வாங்குவதோடு. சான் ஃபிரான்சிஸ்கோ சம்பளத்தை நாடு முழுவதற்குமான சராசரியோடு வைத்துக் காட்டினால் அதிகாரி ஏமாற மாட்டார். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஊதியப் புள்ளிவிவரம் பொதுவாக ஏற்கப்படுகிறது. இந்தியாவில் வாங்கியதை இந்திய ஊதிய அளவோடுதான் ஒப்பிட வேண்டும். டாலராக மாற்றிப் பார்க்கக் கூடாது என்று யுஎஸ்சிஐஎஸ் கையேடே சொல்கிறது. சென்னையில் உச்சத்தில் இருந்தவர் தயங்க வேண்டியதில்லை.

ஒரு ஜர்னலுக்கு இரண்டு கட்டுரை மதிப்பாய்வு செய்தேன். அது ‘நடுவர்’ கணக்கில் சேருமா?

சேரும். அழைப்பு வந்தது மட்டும் போதாது. மதிப்பாய்வை முடித்துக் கொடுத்ததற்கான ஆதாரம் வேண்டும். ஆசிரியர் குழுவின் நன்றி மின்னஞ்சலையோ தளத்தின் பதிவையோ எடுத்து வையுங்கள். ஆனால் மேலே சொன்ன இரண்டாம் கதவில் இந்த இரண்டு கட்டுரைக்கு எடை குறைவு. ஆய்வுலகில் எல்லோரும் செய்கிற வேலை அது. தேர்ந்தெடுத்த சிலரையே அழைக்கும் மாநாட்டுக் குழு, நிதி நல்கைக் குழு, ஆசிரியர் குழு என்று போனால் கதை வேறு.

மேற்கோள் எத்தனை இருந்தால் போதும்? ஒரு எண் சொல்லுங்கள்.

எண் கிடையாது. யாராவது சொன்னால் அவர் எதையோ விற்கிறார். கணிதத்தில் நூறு மேற்கோள் பெரிய விஷயம். இயந்திரக் கற்றலில் அது சாதாரணம். உங்கள் துறையில், கட்டுரை வெளியான அதே ஆண்டில் வந்தவற்றோடு ஒப்பிட்டு, அதிகம் மேற்கோள் பெற்றவற்றில் எந்த விழுக்காட்டில் இருக்கிறீர்கள் என்று காட்டுங்கள். அதைவிட வலுவானது, உங்களை மேற்கோள் காட்டியவர் அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்பது. ‘இன்னாருடைய முறையைப் பின்பற்றினோம்’ என்ற ஒரு பத்தி, போகிற போக்கில் அடைப்புக்குறிக்குள் வந்த ஐம்பது குறிப்புகளுக்குச் சமம்.

பணம் கட்டினால் விருது, உறுப்பினர் அட்டை, பத்திரிகைப் பேட்டி எல்லாம் ஏற்பாடு செய்கிறோம் என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். விருதுக்கு எத்தனை பேர் போட்டியிட்டார்கள், யார் நடுவர், என்ன அளவுகோல் என்று அதிகாரி கேட்பார். நுழைவுக் கட்டணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு ‘தங்கம்’ வாங்கிப்போகும் விருதுக்கு அங்கே பதில் இருக்காது. காசு வாங்கிக்கொண்டு போடும் பேட்டிக்கும் அதே கதிதான். அந்த ஒரு போலித் தாள், பக்கத்தில் இருக்கும் நல்ல சான்றுகளின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

யாரோ எழுதிய கட்டுரையில் உங்கள் பெயரைச் சேர்ப்பது இதைவிட மோசம். முக்கியமான ஒன்றைத் தெரிந்தே பொய்யாகச் சொன்னதாக முடிவானால், இந்த மனு மட்டும் போகாது. அமெரிக்காவுக்குள் வரும் தகுதியே ஆயுளுக்கும் பறிபோகலாம். ‘உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்யும் ஆலோசகர் அப்போது உங்களோடு நிற்க மாட்டார். படிவத்தில் கையெழுத்து உங்களுடையது.

ஐஇஇஇ சீனியர் மெம்பர் ஆகிவிட்டேன். உறுப்பினர் நிபந்தனை முடிந்ததல்லவா?

இதை நம்பி உட்காராதீர்கள். மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கமான ஐஇஇஇயில் சீனியர் மெம்பருக்குப் பத்தாண்டு தொழில் அனுபவமும், அதில் ஐந்தாண்டு குறிப்பிடத்தக்க செயல்பாடும் கேட்கிறார்கள். விதி கேட்பது தலைசிறந்த சாதனை. அதை நிபுணர்களே மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். யுஎஸ்சிஐஎஸ் கையேடு உதாரணமாகக் காட்டுவது அதற்கு மேல் நிலையான ஐஇஇஇ ஃபெலோவை. சீனியர் மெம்பரை வேண்டுமானால் துணைச் சான்றாக வையுங்கள்.

பரிந்துரைக் கடிதம் எத்தனை வேண்டும்? பெரிய பேராசிரியரிடம் வாங்கினால் போதுமா?

எண்ணிக்கைக்கு விதி இல்லை. ஐந்தாறு நல்ல கடிதம் போதும் என்பது என் கருத்து. அதில் பாதியாவது உங்களோடு வேலை செய்யாதவர்களிடமிருந்து வர வேண்டும். உங்கள் வழிகாட்டி உங்களைப் புகழ்வது இயல்பு. முன்பின் அறியாத ஒருவர் உங்கள் வேலையை எடுத்துப் பயன்படுத்தியதைச் சொல்வதுதான் புகழுக்குச் சாட்சி.

எழுதப்படுகிற விதத்தைப் பாருங்கள். ‘இவர் ஒப்பற்ற பொறியாளர், துறைக்கு மகத்தான பங்காற்றியிருக்கிறார்’ என்று ஒரு கடிதம். ‘இவரை நேரில் சந்தித்ததில்லை. மருந்துச் சீட்டுப் பிழைகளைப் பிடிக்க இவர் எழுதிய நிரலை 2021இல் எங்கள் மருத்துவமனையில் நிறுவினோம். அதற்கு முன் அந்த வேலையை இரவுப் பணியில் இருக்கும் மருந்தாளுநர் தாள்தாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்’ என்று இன்னொன்று. இரண்டும் நான் இங்கே புனைந்தவைதான். முதலாவதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டாவதை ஒருவருக்குத்தான் எழுத முடியும். ஐந்து கடிதங்களும் ஒரே நடையில், ஒரே சொற்றொடருடன் இருந்தால் அவற்றை எழுதியது ஒரே கை என்று அதிகாரிக்குப் புரிந்துவிடும்.

நான் பரதநாட்டியக் கலைஞர். கலைமாமணி விருது இருக்கிறது, தமிழ்ப் பத்திரிகை விமர்சனங்கள் இருக்கின்றன. இவை செல்லுமா?

செல்லும், விளக்கிச் சொன்னால். கலைமாமணி தமிழக அரசு தன் இயல் இசை நாடக மன்றம் வழியாகத் தரும் விருது. அதிகாரியின் பார்வையில் அது ஒரு மாநில விருது. அதன் மதிப்பு மாநிலத்துக்கு வெளியேயும் அறியப்பட்டது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். முன்பு பெற்றவர்கள் யார், தேர்வு எப்படி என்று எழுதுங்கள். சங்கீத நாடக அகாடமியின் விருதுகள் நாடு தழுவியவை என்பதால் வேலை எளிது. அதன் யுவ புரஸ்கார் நாற்பது வயதுக்குட்பட்டவர்களுக்கானது என்பது தடையல்ல. இளம் கலைஞர்களுக்கான விருது என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

விமர்சனத்தில் கவனிக்க வேண்டியது, அது உங்களைப் பற்றியதா என்பது. மார்கழி சீசனில் சபா நிகழ்ச்சி நிரலில் பெயர் வந்தது செய்தி அன்று. தமிழில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். முழுமையானது, சரியானது, தமக்கு இரு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட சான்றும் உடன் வேண்டும். சுருக்கம் ஏற்கப்படாது. வெளியான தேதி, எழுதியவர் பெயர், பத்திரிகையின் விற்பனை அளவு ஆகியவையும் சேர வேண்டும். பழைய நறுக்கில் தேதி வெட்டுப்பட்டுப் போயிருந்தால் நூலகத்திலோ பத்திரிகை அலுவலகத்திலோ முழுப் பக்கத்தின் நகலைத் தேடுங்கள்.

விருது குழுவுக்குத்தான் கிடைத்தது, எனக்குத் தனியாக இல்லை. விடவேண்டுமா?

விட வேண்டாம். குழு விருதில் உங்கள் பெயரும் பெற்றவராக இருந்தால் கணக்கில் எடுக்கலாம் என்று 2024 அக்டோபரில் கையேட்டைத் திருத்தினார்கள். சங்கங்களில் முன்பு உறுப்பினராக இருந்ததும் அதே திருத்தத்தில் ஏற்கப்பட்டது.

விளையாட்டு வீரராகப் பெயர் வாங்கினேன். இப்போது பயிற்சியாளர் ஆகப் போகிறேன். ஒரே துறைதானே?

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. லீ என்ற பேஸ்பால் வீரர் பயிற்சியாளராக வர விரும்பியபோது, ஆடுவதும் பயிற்றுவிப்பதும் வேறு வேறு திறமை என்று 2002இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆடி முடித்துச் சில ஆண்டுகளுக்குள் தேசிய அளவில் பயிற்சி தரத் தொடங்கியிருந்தால் அதிகாரி இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். பயிற்சியாளராகவே பெயர் வாங்கிய சான்றுகளைச் சேர்த்துக்கொண்டு போவதுதான் பாதுகாப்பு.

பிரீமியம் போட்டால் சாதகமா? ஆர்எஃப்இ வந்தால் என்ன செய்வது?

பிரீமியம் கட்டணம் வேகத்துக்குத்தான். 15 வேலை நாட்களுக்குள் ஏதோ ஒரு பதில் வரும். அந்தப் பதில் ஆர்எஃப்இ எனப்படும் கூடுதல் சான்று கேட்கும் கடிதமாகவும் இருக்கலாம். அதற்குப் பொதுவாக 84 நாள் வரை அவகாசம் தருகிறார்கள். ஒரே முறைதான் பதில் அனுப்பலாம். எனவே அவசரப்படாமல், கேட்டதற்கெல்லாம் அதே வரிசையில் பதில் எழுதுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம்: மனுப் போட்ட நாளில் தகுதி இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வாங்கிய விருதை ஆர்எஃப்இ பதிலில் நுழைக்க முடியாது. அப்படிப்பட்ட விருது கையில் இருந்தால், நிராகரிப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வதைவிடப் புதிய மனுவே மேல். எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம்; ஆனால் முந்தைய மனுவில் சொன்னதற்கு முரணாக எதுவும் இருக்கக் கூடாது.

மனு தேறினால் உடனே கிரீன் கார்டு வந்துவிடுமா?

இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வராது. ஆண்டுக்கு வேலை அடிப்படையில் சுமார் 1,40,000 விசா. அதில் முதல் வரிசைக்கு 28.6 விழுக்காடு, எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு விழுக்காடு என்ற வரம்பு. அதனால் இந்தியாவுக்கான இபி-1 தேதி, அதாவது அதற்கு முன் வரிசையில் சேர்ந்தவருக்கே கார்டு என்ற எல்லை, 2025இல் பெரும்பாலும் 2022 பிப்ரவரியிலேயே நின்றது. அதே ஆண்டில் இரண்டாம் வரிசையான இபி-2இன் தேதி 2013ஐச் சுற்றிக்கொண்டிருந்தது என்பதைப் பார்த்தால், மக்கள் ஏன் இங்கே ஓடி வருகிறார்கள் என்று புரியும்.

முன்பே உங்கள் நிறுவனம் இபி-2 அல்லது இபி-3இல் போட்ட ஐ-140 தேறியிருந்தால், அதன் பழைய தேதியைப் புதிய இபி-1ஏ மனுவுக்குக் கொண்டுவரலாம். 2016இல் வரிசையில் நின்றவருக்கு இது பொன்னான விதி. பார்க்கப்படுவது குடியுரிமை அல்ல, பிறந்த நாடு. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் இந்திய வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அவரை மணந்த மதுரைக்காரரும் துணைவரின் நாட்டுக் கணக்கில் போகலாம்.

ஓ-1 விசா கிடைத்துவிட்டது. இபி-1ஏ நிச்சயம்தானே? இல்லை, என்ஐடபிள்யூ போதுமா?

ஓ-1 தற்காலிக விசா. அது தேறியது உதவும், கட்டுப்படுத்தாது. கலைஞர்களுக்கு ஓ-1இல் அளவுகோலே சற்றுத் தாழ்வு. இபி-1ஏவில் அந்தச் சலுகை இல்லை. தேசிய நலன் விலக்கு எனப்படும் என்ஐடபிள்யூ, நீங்கள் செய்யப்போகும் பணியின் முக்கியத்துவத்தைப் பார்க்கிறது. ஆனால் அது இபி-2 வரிசையில் கொண்டுபோய் நிறுத்தும். அந்த வரிசையின் நீளத்தை மேலே சொன்னேன்.

பத்து லட்சம் டாலர் கொடுத்தால் திறமையைக் காட்டவே வேண்டாமாமே?

2025 செப்டம்பர் 19ஆம் தேதி கையெழுத்தான ‘கோல்டு கார்டு’ ஆணையைச் சொல்கிறார்கள். அந்த நன்கொடையையே திறமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது ஆணை. இந்தப் பக்கத்தைப் படிக்கும் அளவுக்குக் கவலை உள்ளவர்களிடம் அந்தத் தொகை இருக்காது என்பதால் மேலே போகலாம்.

ஐ-140 தேறிய பிறகு வேலையை விட்டுவிட்டால்?

மனு உங்களுடையது, வேலை போனாலும் அது போகாது. ஆனால் இங்கே தங்கும் உரிமை வேறு விஷயம். ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருந்தால் அதற்கு ஒரு நிறுவனம் வேண்டும். தேறிய ஐ-140ஐ வைத்து, வரிசை வராத வரை, ஆறு ஆண்டுக்கு மேல் மூன்று மூன்று ஆண்டாக நீட்டிக்கொள்ளலாம். கடைசியில் கிரீன் கார்டு முடிவாகும்போது, இன்னும் அதே துறையில்தான் இருக்கிறீர்களா என்று கேட்கலாம். நிறுவனம் மாறியிருந்தாலோ சொந்தத் தொழில் தொடங்கியிருந்தாலோ பிழையில்லை. புற்றுநோய் ஆய்வாளராக மனுப் போட்டுவிட்டு வீடு விற்கும் தரகராக இருந்தால், அந்த நேர்காணல் நன்றாகப் போகாது.